விண்மீன் சிமிட்டுகின்றதா?

2024-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம். காரைக்குடியை அடுத்த நமது பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில், ஆலய முற்றத்தில் சிறுவர் சிறுமியர் விழா நாடகத்திற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. மூங்கில் கழியில் கட்டிய காகித விண்மீனுக்குள் மின்விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. மாட்டுக்குடிலில் பிறந்த பாலனைக் கண்டு விண்மீன்கள் எல்லாம் மகிழ்ந்து கண்சிமிட்டுவதாக அமைந்த பாடலைப் பாடற்குழுவினர் பழகினர். நாமும் நம் பங்கிற்கு வானத்தைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், அவை இன்றும் பாலனை நோக்கிச் சிமிட்டுகின்றன" என்றோம்.

புதுநன்மை வகுப்பில் படிக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். கீழ்வானில் உயர்ந்து நின்ற பேரொளி ஒன்றைக் காட்டி, "சாமி, அந்தப் பெருசு மட்டும் ஏன் சிமிட்டல? அதுக்குப் பாலனைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

அவள் காட்டியது வியாழன். அது உண்மையிலேயே சிமிட்டவில்லை. ஏற்றி வைத்த அகல்போல் அசையாது ஒளிர்ந்தது. அதற்குக் கீழே, தென்கிழக்கில் அப்போதுதான் எழுந்திருந்த சிரியஸ் என்னும் விண்மீனோ சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. நமக்கு விடை தெரியாமலில்லை. ஆனால் விடை சொன்னால் பாட்டுக் கெடும், ஒத்திகை நிற்கும் என்று எண்ணி, "நேரமாயிற்று, பாட்டைப் பாடம்மா" என்று கடந்துவிட்டோம். அவள் வரிசையின் ஓரத்தில் போய் நின்றாள். மற்றவர்கள் பாடினர், அவள் பாடவில்லை.

இக்கட்டுரை அச்சிறுமிக்கு நாம் பட்ட கடன். "கண்சிமிட்டும் விண்மீன்" என்னும் வழக்கைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே இதன் நோக்கம். இது சிறிய பொருளன்றோ என்று வாசகர் கருதலாம். காரைக்குடி, 1939-இல் சா. கணேசன் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் ஊர். ஒரு பாடலில் ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் நின்றது, வேறொரு சொல் நின்றால் என்ன கெடும் என்று பொழுதெல்லாம் ஆராய்ந்த மரபு இம்மண்ணினுடையது. கம்பனுக்குச் செய்யும் அந்த மரியாதையை நம் பாலர் பாடலுக்கும் செய்வோமே.

சொல்லின் சாட்சி

விண்மீன் என்ற சொல்லிலேயே தொடங்குவோம். விண்ணில் உள்ள மீன் என்று அதனைக் கடல் மீனோடு இணைத்துப் பார்ப்பது கவிஞர்க்கு இனிது. ஆனால் ஒளிர்தலைக் குறிக்கும் "மின்" என்னும் வேரோடு விண்மீனைக் குறிக்கும் "மீன்" என்ற சொல்லைச் சேர்த்துக் காண்பர் சொற்பிறப்பு ஆய்வாளர். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள மீன் வடிவக் குறியை விண்மீனாகப் படிக்கலாம் என்று முதலில் முன்மொழிந்தவர்களுள் ஒருவர், மும்பை தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஹெராஸ் அடிகளார். அக்கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது. அது எவ்வாறாயினும், மினுங்குவது என்று ஒன்றுக்குப் பெயரிட்டோர் தாம் கண்ட தோற்றத்தை மட்டுமே பதிவு செய்தனர், காரணம் கூறவில்லை. பெயரில் பிழையில்லை.

அவர்கள் இன்னொன்றையும் கண்டிருந்தனர். வானத்து ஒளிகளை நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பழந்தமிழர் பிரித்தனர். ஒன்று தன் கூட்டத்தை விட்டு விலகாதது. மற்றொன்று நாளுக்கு நாள் இடம் பெயர்வது. எட்டு வயதுச் சிறுமி கண்ட வேற்றுமை, தமிழ் தன் சொல்லிலே கட்டிவைத்த வேற்றுமையின் பக்கத்தில் நிற்பது. நமது பாடலோ எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுச் சிமிட்டச் செய்துவிட்டது.

இங்கு ஒரு தடை எழலாம். "இமைத்தல்" என்ற பழஞ்சொல் கண்ணிமைத்தலையும் ஒளிவிடுதலையும் ஒருங்கே குறிப்பதன்றோ? அவ்வாறிருக்க, சிமிட்டல் மட்டும் எங்ஙனம் குற்றமாகும்? நியாயமான தடை. ஆயின் இமைப்பு வேறு, சிமிட்டல் வேறு. இமைப்பு தானே நிகழ்வது. அதற்கு உள்நோக்கம் இல்லை. சிமிட்டல் ஒருவர் மற்றொருவர்க்குக் காட்டும் சைகை. அதற்கு நோக்கம் உண்டு. இமைக்கும் விண்மீன் என்றால் தோற்றம் கூறியதாகும். சிமிட்டும் விண்மீன் என்றால் காரணம் கூறியதாகும். அதுவும் விண்மீனின் உள்ளத்திலிருந்து. எனவேதான் சிறுமியின் வினா முறையானது. சிமிட்டுதல் அன்பின் அடையாளம் என்று நாமே சொன்னபின், சிமிட்டாதது அன்பில்லாதது என்றுதானே அவள் கொள்ள முடியும்?

மெய்யியல் வகுப்பில் கற்றது

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில் நாம் மனனம் செய்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அரிஸ்டாட்டில் தமது "பின்னைப் பகுப்பாய்வு" என்னும் தருக்க நூலில் கையாண்டது அது; புனித தாமஸ் அக்குவினாஸ் அந்நூலுக்கு விரிவுரை எழுதியுள்ளார். கோள்கள் மினுங்குவதில்லை என்பதைக் கொண்டு அவை நமக்கு அருகில் உள்ளன என முடிவு செய்யலாம். ஆனால் மினுங்காமையால் அவை அருகில் வந்துவிடவில்லை. அருகில் இருப்பதால்தான் அவை மினுங்கவில்லை. முன்னது ஒன்று உள்ளது என்று மட்டும் அறிவது. பின்னது அது ஏன் அவ்வாறு உள்ளது என்று அறிவது. இவ்விரண்டையும் குழப்பலாகாது என்று ஆசிரியர் வற்புறுத்துவார். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அவ்வாண்டுகளில் ஒருநாளேனும் விடுதி மாடியேறி அந்தக் கோள்களைப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதில்லை!

மினுக்கத்திற்கு அரிஸ்டாட்டில் கூறிய காரணம் தவறானது. மிகத் தொலைவில் உள்ள விண்மீனை எட்ட முயலும் நம் பார்வையே நடுங்குகிறது என்றார் அவர். 1704-இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் நியூட்டன், நடுங்குவது கண்ணன்று, இடையிலுள்ள காற்று என்று விளக்கினார். தொலைநோக்கியை எத்துணை நேர்த்தியாகச் செய்தாலும் இந்நடுக்கம் நீங்காது என்றும், உயர்ந்த மலையுச்சியின் அமைதியான காற்றே இதற்கு மருந்து என்றும் அவர் எழுதினார். இருவர் கூற்றும் வேறுபடினும் ஒரு செய்தியில் ஒத்துப்போவதைக் காண்க: நடுக்கம் விண்மீனில் இல்லை, அது நம் பக்கத்தில் உள்ளது.

இடையில் நிற்கும் காற்று

செட்டிநாட்டுத் திருமண வீடுகளில் கோட்டை அடுப்பு மூட்டிச் சமைப்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அடுப்பின் மேலெழும் வெப்பக் காற்றினூடே எதிர்ச்சுவரைப் பார்த்தால் சுவர் நெளியும். சித்திரை வெயிலில் தேவகோட்டைச் சாலையில் தொலைவில் வரும் பேருந்து நீரில் மிதப்பதுபோல் ஆடும். சுவரும் ஆடவில்லை, பேருந்தும் ஆடவில்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அவை ஓயாது கலந்து புரள்வதால் ஒளி வரும் வழியும் ஓயாது மாறுகின்றது. இரவு வானில் நிகழ்வதும் இதுவே. காற்றின் சிறுசிறு திரள்கள் வில்லைகள்போல் ஒளியை ஒரு நொடி குவித்தும் மறுநொடி சிதறடித்தும் விடுகின்றன. ஒளி கூடிக் குறைவதாக நம் கண் காண்கிறது. அடிவானத்தை ஒட்டிய விண்மீனின் ஒளி காற்றினூடே நெடுந்தொலைவு வர வேண்டும். வண்ணங்களும் தனித்தனி அளவில் வளையும். ஆகவேதான் அன்று சிரியஸ் பல நிறம் காட்டித் துடித்தது.

கோள் ஏன் துடிக்கவில்லை? ஆலயத்தில் மெழுகுதிரிகளைப் பார்த்திருக்கிறோம். தனித்து நிற்கும் ஒரு திரியின் சுடர் காற்றில் துவண்டால் சுவரெல்லாம் ஒளி தள்ளாடும். அன்னையின் பீடத்தில் நூறு திரிகள் எரியும்போது ஒன்று மங்கும் கணத்தில் மற்றொன்று பொலியும். மொத்த ஒளி நிலையாக இருக்கும். விண்மீன் உருவில் பெரிதாயினும், தொலைவின் மிகுதியால் நமக்கு ஒரு புள்ளியே. வியாழனும் வெள்ளியும் உருவில் சிறியவை. ஆயினும் அருகில் இருப்பதால் சிறு வட்டங்களாக அமைகின்றன. வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் நடுங்கத்தான் செய்கிறது. ஆயினும் ஒன்றின் குறைவை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. கோள்களும் அடிவானத்தில் மிகத் தாழ்ந்திருக்கையில் சற்றே மினுங்குவதுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அன்றிரவு அச்சிறுமியின் கண்ணை அடைந்த ஒளி, ஏறத்தாழ அவள் பிறந்த காலத்தில் புறப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக நேராக வந்த அந்த ஒளியை நம் காற்று குலைத்தது, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இறுதிப் பொழுதில் மட்டுமே.

நியூட்டன் கூறிய மருந்தைத் தமிழகமும் அறியும். 1899-இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் வானாய்வகம் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சவ்வாது மலையின் காவலூரை வானாய்வுக்குத் தேர்ந்தவர் வேணு பாப்பு. அங்கு 1968-இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கியைக் காணுமுன்னரே 1982-இல் காலமானார். அத்தொலைநோக்கி அவர் பெயராலேயே நாட்டுக்கு அளிக்கப்பட்ட நாள் 1986 ஜனவரி 6. ஞானிகள் விண்மீனைத் தேடி வந்ததைத் திருச்சபை மரபாக நினைவுகூரும் நாளும் அதுவே. தற்செயல்தான், எனினும் நினைக்க இனிக்கிறது.

ஓர் ஆங்கிலப் பாடலும் நம் பாடல்களும்

மினுங்கும் விண்மீன் என்றவுடன் நம் மழலையர் பள்ளிகளில் ஒலிக்கும் ஆங்கிலப் பாடலே நினைவுக்கு வரும். ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி 1806-இல் வெளிவந்த அப்பாடலின் தலைப்பு "விண்மீன்" என்பதே. ஐந்து பத்திகள் கொண்ட அதில் நம் குழந்தைகள் பாடுவது முதற்பத்தி ஒன்றே. எஞ்சிய பத்திகளில் இருளில் வழிநடக்கும் பயணி ஒருவர் வருகிறார். அச்சிறு ஒளியே அவருக்கு வழிகாட்டி. முடிவிலும் ஆசிரியை, விண்மீன் இன்னதென அறியேன் என்ற இடத்திலேயே நிற்கிறார்.

அதனை எளிய பிள்ளைப்பாட்டு என்று ஒதுக்குவது வழக்கம். நமக்கோ அதன் நேர்மை பெரிதாகப் படுகின்றது. அது மினுக்கத்தைக் கூறுகிறது, வியக்கிறது, அறியாமையை ஒளிக்கவில்லை. பொய்யான காரணம் ஒன்றைப் புனைந்து குழந்தையின் வினாவை அடைக்கவில்லை. மாறாக, நம் விழாப் பாடல்கள் பலவற்றில் விண்மீன்கள் நாணுகின்றன, சிரிக்கின்றன, சிமிட்டுகின்றன. கற்பனை தவறன்று, பொருளற்ற கற்பனையே தவறு. இவற்றை எழுதியோர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை. முன்னே வந்த பாடலைப் பார்த்து எழுதினர். உயிரில்லாத பொருளுக்கு உயிர்ப்பண்பு ஏற்றிக் கூறுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆனால் அவ்வாறு ஏற்றிய பண்பு அப்பொருளை இன்னும் கூர்மையாகக் காணச் செய்ய வேண்டும். சிமிட்டல் அதனைச் செய்யவில்லை. விளக்குத் தோரணத்தையே வானமாகக் காட்டுகிறது.

சங்கப் புலவர் செய்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அருந்ததியை வடமீன் என்று அழைத்து, மனையாளின் உறுதிக்கு அதனை உவமை ஆக்கினர். அது ஒளி குறைந்த விண்மீன். நம் பகுதியில் வடவானில் ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் அது ஏறுவதில்லை. ஆதலால் அதுவும் நடுங்கித்தான் தோன்றும். நடுக்கத்தைக் கண்ணாரக் கண்டும், ஆண்டுதோறும் அதே இடத்திற்குத் திரும்பும் நிலைபேற்றையே அவர்கள் பாடுபொருளாக எடுத்தனர். தோற்றத்தைக் கடந்து பொருளை எட்டிய பார்வை அது. விண்ணவர்க்கு "இமையவர்" என்று பெயரிட்ட மொழியில், விண்ணகத்தைச் சிமிட்ட வைப்பதற்கு முன் சற்றே தயங்கியிருக்கலாம்.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்தோம். ஞானிகள் கண்ட விண்மீன் மினுங்கியதாக நற்செய்தியாளர் எங்கும் எழுதவில்லை. அது எழுந்தது, முன்னே சென்றது, குழந்தை இருந்த இடத்திற்கு மேல் வந்து நின்றது என்றே கூறுகிறார். செல்வதும் நிற்பதுமே அங்குள்ள வினைகள். அது வரலாற்றில் எந்த ஒளி என்பதைப் பற்றிக் கருத்துகள் பல, கெப்ளர் கி.மு. 7-இல் நிகழ்ந்த வியாழன், சனி சேர்க்கையோடு அதனைத் தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். நற்செய்தியாளரின் நோக்கம் வானியலன்று, பிற இனத்தாரும் ஆண்டவரைத் தேடி வந்தனர் என்ற இறையியலே. ஆயினும் அவர் சொற்செட்டு நமக்குப் பாடம். அலங்காரத்திற்காக ஒரு வினைச்சொல்லையும் அவர் செலவிடவில்லை.

மறையுரையாளரின் சோதனை

இதுவரை பாடலாசிரியரைக் குறை கூறினோம். இனி நம் இனத்தாரைக் கூற வேண்டும். மேற்கண்ட அறிவியலைக் கேட்டவுடன் மறையுரையாளர் உள்ளத்தில் ஓர் உவமை தானே முளைக்கும்: இறைவன் அசையாத விண்மீன், இடையிலுள்ள காற்றே நம் பாவம், நடுக்கம் நம் ஐயம். கேட்போர் தலையசைப்பர். நாமும் முதலில் அவ்வாறே எழுதி வைத்தோம். பிறகு அடித்துவிட்டோம்.

ஏனெனில் அதுவும் பார்க்காமல் பேசுவதே. காற்று பாவமன்று, நாம் உயிர்வாழும் மூச்சு. ஒளியைக் குலைக்கும் அதே காற்று இல்லையேல் நடுக்கமும் இராது. அண்ணாந்து பார்க்கும் சிறுமியும் இராள். ஐயத்தைக் காற்றோடு ஒப்பிட்டுப் பாவக் கணக்கில் எழுதினால், வினா எழுப்பிய அச்சிறுமியையும் அக்கணக்கில் சேர்த்துவிடுவோம். 1965-இல் வெளிவந்த "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் சங்க ஏடு, தன் 36-ஆம் எண்ணில், படைப்புப் பொருள்களுக்கு அவற்றுக்கே உரிய நெறிகள் உண்டு என்று ஏற்கிறது. அறிவியலின் முறையான தன்னுரிமையைப் போதிய அளவு உணராத மனப்போக்கு கிறிஸ்தவரிடையேயும் இருந்ததற்கு வருந்துகிறது. விண்மீனை மறையுரைக்கு வேலையாளாக மட்டும் நடத்துவதும் அம்மனப்போக்கின் எச்சமே. அது முதலில் விண்மீனாக இருக்கட்டும்.

வானியலார் காற்றை வெறுக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 1953-இல் ஹோரஸ் பாப்காக் முன்மொழிந்த வழியில், அவர்கள் நடுக்கத்தையே அளக்கின்றனர். அதற்கேற்பத் தொலைநோக்கிக்குள் உள்ள கண்ணாடியின் வளைவை வினாடிக்குப் பலநூறு முறை மாற்றித் தெளிந்த உருவைப் பெறுகின்றனர். காற்றுக்கு அப்பாலே சென்று பார்ப்பதற்காக 1990-இல் ஹபிள் தொலைநோக்கி அனுப்பப்பட்டது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: குறை எங்குள்ளது என்பதை முதலில் சரியாக அறிதல். விண்மீனில் குறை என்று எண்ணியிருந்தால் கண்ணாடியைத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

கடனைத் தீர்த்த மாலை

2025 ஜனவரி 5, ஞாயிறு. திருக்காட்சிப் பெருவிழா. அன்று மாலை ஏழரை மணியளவில் அதே முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டினோம். முன்னர் தவறாகச் சொன்னதையும், வினாவைத் தட்டிக்கழித்ததையும் அவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். பெற்றோர் சிலர் சங்கடத்துடன் நெளிந்தனர். பங்குச்சாமி பிள்ளைகளிடம் பிழை ஒப்புவதா என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அடுப்பையும் மெழுகுதிரியையும் எடுத்துக்காட்டி விளக்கினோம். அச்சிறுமி வியாழனையும் சிரியஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கே திரும்பி வெள்ளியைக் கண்டு, "அதுவும் கோள்தானே சாமி?" என்றாள். ஆம் என்றோம். நம் அன்னையின் மன்றாட்டு மாலையில் விடியற்கால விண்மீன் என்று நாம் அழைக்கும் ஒளி இந்த வெள்ளியே என்றும், நடுங்காத ஒளிக்குத்தான் அப்பட்டம் வாய்த்திருக்கிறது என்றும் சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும் என்று விட்டோம்.

பாடற்குழுவின் தலைவி பிறகு நம்மிடம் வந்து, பாட்டில் "சிமிட்டுது" என்ற இடத்தில் "மினுங்குது" என்று வைத்தால் சந்தம் கெடாது என்றார். பாடிப் பார்த்தார்கள். கெடவில்லை. ஓரத்தில் நின்ற குரல் ஒன்றும் இம்முறை உடன் கேட்டது.